இரு தரப்பின் நம்பிக்கை

1572 ஆகஸ்ட் 24 அன்று பாரிஸில் தொடங்கிய புனித பர்த்தலோமியு நாள் படுகொலையில் ஹ்யூகெனோக்கள் எனப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்டுகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுடைய தலைவர் கோலிஞியும் அவருடைய மருமகன் தெலிஞியும் அதில் உயிரிழந்தார்கள். தெலிஞியின் சகோதரியை மணந்தவர் பிரெத்தாஞ் பகுதிப் பிரபு பிரான்சுவா த லா நூ. அந்தப் படுகொலைக்கு ஒப்புதல் தந்த மன்னர் ஒன்பதாம் சார்ல், சில மாதங்களிலேயே இந்த லா நூவிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். மன்னருக்குப் பணிய மறுத்து வாயிலை அடைத்திருந்த ஹ்யூகெனோத் துறைமுக நகரம் லா ரோஷெலை அவர் பேசி இணங்கவைக்க வேண்டும்.

லா நூ போனார். நகரத்தாருக்கு அவர் அந்நியரல்லர். 1570இல் போரில் சிதைந்த அவருடைய இடக்கையை வெட்டி எடுத்ததே அந்நகரில்தான். கடிவாளம் பிடிக்கப் பொருத்திய இரும்புக் கையால் அவருக்கு ‘இரும்புக்கை’ என்றே பெயர். நகரத்தார் மன்னரின் நிபந்தனைகளை ஏற்கவில்லை. மாறாக, அவர் முன் மூன்று வழிகளை வைத்தார்கள்: நகரில் சாதாரணக் குடியாக வாழலாம், தங்கள் படைக்குத் தலைமை ஏற்கலாம், அல்லது கப்பலேறி இங்கிலாந்து போகலாம். மன்னர் தரப்புக்குத் தெரிவித்து, அதன் இசைவோடு, அவர் தலைமையை ஏற்றார். அரண்களைப் பலப்படுத்தினார், வெளியே பாய்ந்து தாக்கிய படைகளை முன்நின்று நடத்தினார், நகர சபையிலோ சமாதானத்தையே வற்புறுத்தினார்.

இரண்டு தோணியில் கால் வைத்தவர் என்று அவரைச் சொல்லிவிடலாமா? தோணி மாறுகிறவன் தன் நிலையை மறைக்கிறான். லா நூ மறைக்கவில்லை. சமாதானம் வேண்டும் என்பதை நகரத்தாரிடமும், நகரத்தைக் காப்பதை மன்னரிடமும் ஒளிக்கவில்லை. படுகொலைக்கு ஒப்பி வாக்குத் தவறிய மன்னரிடம் வாக்குக் காக்க வேண்டியதில்லை என்ற வாதம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. ஊர் பணிவதே நல்லது என்று நம்பும் ஒருவர், அந்த ஊருக்காகச் சாகும்படி வீரர்களை எப்படி ஏவலாம்? சபைக்கு அவர் மனம் தெரியும். அவர் பின்னால் ஓடி வீழ்ந்த சாமானிய வீரனிடம் யார் கேட்டார்கள்? சபையின் சம்மதம் அவனுடைய சம்மதம் ஆகிவிடாது. இந்தக் கடனிலிருந்து லா நூவை முழுதாக விடுவிக்க முடியாது. அவரும் வீரர்களோடு களத்தில் நின்றார் என்பது கடனைக் குறைக்கும், தீர்க்காது.

சமாதானம் பேசியதற்காக ஒரு போதகர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். உடனிருந்தவர்கள் வாளை உருவியபோது லா நூ தடுத்து, அந்த மனிதரைப் பத்திரமாக அவர் மனைவியிடம் அனுப்பிவைத்தார். மானத்துக்காகப் பிரபுக்கள் வாள்சண்டையில் மடிந்த காலம் அது. கோழை என்று பேசுவார்கள் என்பது தெரிந்தும் பொறுத்துக்கொண்டார். அன்று வாள் வீசியிருந்தால் சமாதானம் என்ற சொல்லையே அந்தச் சபையில் மறுபடி எடுத்திருக்க முடியாது.

1573 மார்ச்சில் பேச்சு முறிந்தது. அரச படையின் முற்றுகைக்கு நடுவே லா நூ நகரத்தை விட்டு அரச முகாமுக்குப் போனார். நகரம் தன் சிறந்த தளபதியை இழந்தது. இது கொடுமை இல்லையா என்றால், கொடுமைதான். ஆயினும் சமாதானம் பேச வந்த தூதராகவே அவர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். அந்தப் பேச்சு செத்த பிறகும் தளபதியாக நீடித்திருந்தால், தூது என்பதே வேடமாகியிருக்கும். அடுத்த தூதரை எந்தத் தரப்பும் நம்பியிராது.

அவருடைய ஆலோசனை சரியா என்பது வேறு கேள்வி. நகரம் அதை ஏற்கவில்லை, விழவுமில்லை. அந்த ஜூலையில் மன்னர் வெளியிட்ட பூலோஞ் ஆணை லா ரோஷெல், நீம், மோந்தொபான் நகரங்களில் ஹ்யூகெனோ வழிபாட்டை அனுமதித்தது. பணிய மறுத்தவர்களின் கணிப்பே பலித்தது. கணிப்பில் தவறிய மனிதரை நடத்தையில் நம்ப முடிந்ததால்தான், 1574இல் மீண்டும் போர் மூண்டபோது லா ரோஷெல் அவரையே தலைவராக ஏற்றது.