சாம்பலாகும் கறுப்பு

புரொஜெக்டர் விற்பவர்கள் எல்லாரும் வெளிச்சத்தைத்தான் விற்கிறார்கள். 3000 லூமென், 4000 லூமென் என்று. பேரன் கேட்டது வேறு: "ஆச்சி, கறுப்பு கறுப்பாத் தெரியணும். எத வாங்கலாம்?" அவன் ஆடுவது 2019இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2. பிணங்கள் நடமாடும் போலீஸ் நிலையம், இருண்ட தாழ்வாரங்கள், கையில் ஒரு டார்ச். கேள்வி என்னிடம் வந்ததற்குக் காரணம், பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்புக்கும் போகிறேன் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கோ இரண்டும் இந்தக் கறுப்பில் வந்து முட்டிக்கொண்டன.

இருட்டு என்று ஒரு பொருள் உண்டா, இல்லை வெளிச்சம் இல்லாததற்கு நாம் வைத்த பெயரா? தரிசனக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடிய விஷயம் இது. ஒளியின் இன்மையே இருள் என்றார்கள் நியாய வைசேடிகர்கள். பாட்ட மீமாம்சகர்கள் ஒப்பவில்லை. கறுப்பு என்ற நிறம் இருக்கிறது, விளக்கு நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. நிறமும் அசைவும் உள்ளது பொருளல்லாமல் வேறென்ன என்றார்கள். சித்தாந்தத்துக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. ஆணவ மலம் அறிவின் இன்மை அல்ல, அறிவை மறைக்கிற ஓர் உள்பொருள் என்று நிலைநாட்டினால்தான் மற்றதெல்லாம் நிற்கும்.

நிழல் விழுவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். வைசேடிகர் பக்கம்தான் நிற்க முடியும். புரொஜெக்டரும் முதலில் அவர்களுக்கே சாட்சி சொல்கிறது. அதனால் கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பாகத் தெரிகிற இடம் ஒளி விழாத வெறும் சுவர். மெஷினை அணைத்தால் அது வெள்ளையடித்த அதே சுவர். பக்கத்தில் ஏதோ பளீரென்று இருப்பதால் கண் அதைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. பகலில் ஜன்னலைத் திறந்தால் எத்தனை விலை கொடுத்த புரொஜெக்டரிலும் கறுப்பு சாம்பலாகிவிடுவது இதனால்தான். சுவருக்கே வெளிர்சாம்பல் வண்ணம் அடிக்கச் சொன்னேன். கறுப்பு வெளுப்பது குறையும்; கூடவே படத்தின் வெளிச்சமும் கொஞ்சம் குறையும். லூமென் கூடுதலாக இருந்தால் பயன்படுவது அங்கேதான்.

மற்றப் பொருத்தங்கள் சுலபம். பட்டனை அழுத்துவதற்கும் படத்தில் அது தெரிவதற்கும் இடையே உள்ள தாமதம் கேம் மோடில் 16 மில்லி செகண்டை ஒட்டி இருந்தால் போதும்; சினிமாவுக்கென்றே செய்த சிலவற்றில் 100ஐத் தாண்டும். அறை சின்னது, ஆகவே ஷார்ட் த்ரோ. ஏறத்தாழ இரண்டு மீட்டரில் 100 அங்குலப் படம் விழும். பெட்டியில் போட்டிருக்கும் 1,00,000:1 கான்ட்ராஸ்ட்டை மட்டும் நம்பாதே என்றேன். முழு வெள்ளையை ஒரு தரமும் முழுக் கறுப்பை இன்னொரு தரமும், அதுவும் விளக்கைத் தணித்து, அளந்து போடுகிற எண் அது. டார்ச் வெளிச்சமும் சுற்றியுள்ள இருட்டும் ஒரே நேரத்தில் நிற்கிற விளையாட்டுக்கு அதனால் ஆகப்போவது என்ன? கட்டம் கட்டமாக வெள்ளையையும் கறுப்பையும் ஒருசேர வைத்து அளக்கும் ஆன்சி கான்ட்ராஸ்ட் என்று ஒன்று உண்டு. அதைப் பெட்டியில் போட மாட்டார்கள்.

அவன் கண் வைத்திருந்தது டிஎல்பி மெஷின் மேல். உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தபோதுதான் வைசேடிகர் மேல் எனக்கிருந்த பிடிப்பு சற்றுத் தளர்ந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்த சில்லு அதில் இருக்கிறது. 1920க்கு 1080 என்றால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குப் போகும், அந்தப் பக்கம் சாய்ந்தால் உள்ளேயே ஒளியை விழுங்கும் தட்டுக்குப் போகும். கறுப்பாக வேண்டிய புள்ளிக்கும் விளக்கின் ஒளி வந்துகொண்டேதான் இருக்கிறது. நம் பக்கம் வராமல் திருப்பிவிடப்படுகிறது, அவ்வளவே.

சுவரில் பார்த்தால் இன்மை, மெஷினுக்குள் பார்த்தால் மறைப்பு. சித்தாந்தத்தில் இதைத் திரோதானம் என்பார்கள். ஐந்தொழிலில் ஒன்றான மறைத்தல். உயிர் பக்குவப்படும் மட்டும் அதை உலகத்தின் பக்கம் திருப்பி வைத்திருக்கிற சிவசக்தி. மலத்தோடு சேர்ந்து நிற்பதால் உபசாரமாக அதையும் மலம் என்கிறார்கள். உண்மையில் அது அருள். விளையாட்டைச் செய்தவர்கள் தாழ்வாரத்தை இருட்டடித்ததும் இந்த ரகம்தான், ஆடுகிறவனுக்காகவே வைத்த மறைப்பு. பேரனின் சிநேகிதன் ஒருவன் பிரைட்னஸை ஏற்றிவைத்து மூலைமுடுக்கெல்லாம் தெரிய ஆடுவானாம். "அவனுக்குப் பயமே வராது ஆச்சி. சப்புன்னு இருக்கும்."

வகுப்பில் சொன்னேன். புலவர் ஐயா சிரித்துக்கொண்டே, "திரோதானத்தைக் காட்டிட்டீங்க டீச்சரம்மா, ஆணவத்தை எங்க காட்டுவீங்க?" என்றார். சரியான இடத்தில் பிடித்தார். ஆணவம் யாரும் செய்து வைத்ததல்ல, அநாதி. உமாபதி சிவம் திருவருட்பயனில் ‘இருள்மல நிலை’ என்று ஓர் அதிகாரமே வைத்து வேறுபாட்டைச் சொல்கிறார். புற இருட்டு மற்றதை மறைக்கும், தன்னை மறைக்காது. அதில் நிற்கிறவனுக்கு இருட்டு என்பதாவது தெரியும். ஆணவம் தன்னையும் காட்டாது.

அப்படியானால் படத்தின் கறுப்பு ஆணவம் ஆகாது. சாம்பல்தான் கிட்டே வருகிறது. கண்ணாடிகளிலும் லென்ஸிலும் சிதறும் ஒளி சுவரில் படிந்து கறுப்பை வெளுக்க வைக்கும். கண்ணோ சற்று நேரத்தில் பழகிப்போய் அதையே கறுப்பு என்று வைத்துக்கொள்ளும். கடையில் ஓட்டிக் காட்டியபோது பேரனுக்கு நல்ல கறுப்பாகத்தான் தெரிந்தது. பக்கத்து ஓஎல்இடி டிவியில், புள்ளிகள் தாமே அணைந்து காட்டும் கறுப்பைப் பார்த்த பிறகுதான் "அய்யோ, இது வெளுத்துல்லா இருக்கு" என்றான். அவனாகவா கண்டுகொண்டான், டிவியைப் பக்கத்தில் வைத்தவர் காட்டினாரா? உயிர் தானாகக் காணாது, காட்டுகிறவன் வேண்டும் என்கிற சித்தாந்தி கடைக்காரருக்குத்தான் ஓட்டுப் போடுவார்.

100 அங்குலத்தில் ஓஎல்இடி நமக்குக் கட்டுபடியாகாது என்று மருமகன் சொல்லிவிட்டார். டிஎல்பியே வந்தது. புலவர் ஐயா அடுத்த கேள்வியையும் போட்டு வைத்திருக்கிறார்: திருப்பிவிட்ட ஒளி தட்டில் பட்டு வெறும் சூடாகி ஃபேன் வழியே வெளியே போகிறதே, திரோதானத்தில் அப்படி வீணாகிற பங்கு உண்டா? உமாபதியாரைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.