தாழ்மையும் திருவருளும்

தன்னைத் தானே உயர்த்திக்கொள்பவன் இறைவன் அருளுக்குப் புறம்பாவன் என்பதும், தன்னைத் தாழ்த்திக்கொள்பவனே அதனைப் பெறுதற்கு உரியன் என்பதும் கிறித்துவ சமயத்தார் பெரிதும் வற்புறுத்தும் கொள்கைகளாம். நம்மவருட் சிலர் இதனைக் கேட்டமாத்திரத்தே, ஆளவந்த சாதியார் ஆளப்பட்டாரை அடக்கிவைத்தற்கு வகுத்த தந்திரம் இஃது என்று ஒதுக்குகின்றனர். வேறு சிலர், இது நம் சமயத்திலும் உள்ளதே என்று கூறி மேற்கொண்டு ஆராயாது விடுகின்றனர். இவ்விரு திறத்தார் செயலும் தக்கதன்று. நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உடனிருந்து உதவியவர். அந்நூலை நன்கு கற்ற பின்னரே அதனை மறுக்கப் புகுந்தவர். கல்லாது பழித்தல் அவர் காட்டிய வழியன்று.

முதற்கண் சொல்லை ஆராய்வாம். கிறித்துவர் தம் தமிழ் நூல்களில் எடுத்தாளும் சொல் தாழ்மை என்பது. நம் முன்னோர் இப்பொருளில் பெரும்பான்மையும் வழங்கியது பணிவு என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. பணிவு ஒருவன் தானே செய்யும் செயல். பணிந்தான் என்றால் பணியாதிருக்கவும் அவனுக்கு இயலும் என்பது பெறப்படும். தாழ்மையோ குணத்தையும் குறிக்கும், நிலைமையையும் குறிக்கும். உள்ளத்தில் அகந்தையில்லாதவனும் தாழ்மையுடையன். பிறரால் கீழே தள்ளப்பட்டுக் கிடப்பவனும் தாழ்ந்தவன். விவிலியத்தின் மூலமொழியாகிய கிரேக்கத்திலும் இதற்கு நேரான சொல் முற்காலத்தில் இழிந்த நிலையையே குறித்து வந்து, பின்னரே நற்குணத்திற்குப் பெயராயிற்று. ஒரு சொல்லே இரண்டையும் சுட்டுமிடத்து, குணத்தைப் போதிக்கப் புகுந்தவன் தான் அறியாமலே நிலைமையை வாழ்த்திவிடக்கூடும். கேட்பவனும், கிடக்கும் இடத்தே கிடப்பது புண்ணியம் என்று கொண்டுவிடக்கூடும்.

இவ்வையம் வெறுஞ் சொல்லாராய்ச்சியால் எழுந்ததன்று என்பதற்குத் திம்புள்ளப் பகுதியே சான்றாகும். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை எனப் பரந்து கிடக்கும் அம்மலைகள் முதலிற் காப்பிக்கும், 1869 இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைக்கும் உரியவாயின. தமிழ்நாட்டிலிருந்து பசிக்கு அஞ்சி வந்த நம் மக்களே காட்டை அழித்து அவற்றை ஆக்கினர். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலே கிறித்து மதத்தைப் பரப்புதற்கு 1854 இல் தமிழ்க் கூலி மிஷன் என்னும் அமைப்பு எழுந்தது. தோட்டத் துரைமாரின் பொருளுதவி அதற்கு இருந்தது. உபதேசிகள் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர். துரைமார் தொழுதற்கென ஆலயங்களும் எழுந்தன. அண்டை டிக்கோயாவிலுள்ள வார்லி கிறிஸ்து ஆலயம் 1878 இல் கட்டப்பட்டது. ஆகவே ஒரே தாழ்மையுபதேசம் இரண்டிடங்களில் ஓதப்படலாயிற்று. ஒன்று துரை அமர்ந்திருக்கும் ஆலயம். மற்றொன்று பெரட்டுக்களத்தில் நின்று, மலையில் நனைந்து, லயத்துக்கு மீண்டவன் இருக்கும் வாசல். இவ்விருவருள் அவ்வுபதேசம் யாருக்கு உரியது?

கிறித்துவர் நூலையே கொண்டு இதற்கு விடை காண்போம். அவர்கள் எடுத்துக்காட்டும் கதைகளுள் தலையானது பரிசேயனும் ஆயக்காரனும் கோயிலுக்குப் போன கதை. பரிசேயன் தன் நோன்பையும் தானத்தையும் எண்ணிச் சொன்னான். ஆயக்காரன் கண்ணை ஏறெடாமல் நின்று இரக்கம் வேண்டினான். வேண்டியவனே நீதிமானாக வீடு திரும்பினான் என்ப. இவ்வாயக்காரன் ஏழை என்றே நம் உபதேசிகள் பலரும் கருதுவர் போலும். அவன் ஏழையல்லன். உரோமருக்காக வரி தண்டியவன். ஏழையை வருத்திப் பொருள் சேர்க்கும் தொழிலினன். அவன் நின்ற இடம், நம் தோட்டத்து வழக்கிற் சொன்னால், கணக்கைத் திருத்திப் பிறன் பேரை வெட்டுகின்றவன் நிற்கவேண்டிய இடமாகும். வருத்தியவன் வருந்தி நின்றதே அக்கதையின் பொருள். வருந்தியவன் இன்னும் வருந்துக என்பது அதன்கண் எங்கும் இல்லை. மேலும், இயேசுநாதர் தம் மாணாக்கர் கால்களைக் கழுவினார் என்றும் அந்நூல் கூறும். கழுவினவர் ஆசான், கழுவப்பட்டவர் மாணாக்கர். மாணாக்கன் ஆசானுக்கு அதனைச் செய்திருந்தால் அஃது அந்நாட்டு வழக்கமாய்ப் போயிருக்கும். நூலிற் குறிக்கப்படவும் மாட்டாது.

ஆகவே தாழ்மை என்பது உயரம் உடையவன் இறங்குதல் என்றே அவர் நூலும் கொள்கின்றது. இறங்குதற்கு ஒரு படியும் இல்லாதவனிடத்து இறங்கு என்று சொல்வது அந்நூலுக்கே மாறானது. இதனை உணர்ந்து நடந்த கிறித்துவரும் உளர். ஆண்ட்ரூஸ் பாதிரியார் பீஜித் தீவு முதலிய இடங்களில் நம்மவரைப் பிணித்திருந்த ஒப்பந்தக் கூலி முறையை ஒழித்தற்கு உழைத்தவர். அவரை மறந்து பேசுவது நன்றிகோறலாம்.

உபதேசம் செய்வார் சிலர் தேயிலைச் செடியையே தாழ்மைக்கு உவமை கூறுவதுண்டு. கவ்வாத்து வெட்டப்பட வெட்டப்பட அது தழைக்கின்றது. அவ்வாறே இறைவன் வெட்டத் தாழும் ஆன்மாவும் தழைக்கும் என்பர். கேட்பதற்கு இனிய உவமையே. ஆயினும் தேயிலை இயல்பிலே மரம். வெட்டாது விட்டால் ஆள் உயரத்தைப் பன்மடங்கு கடந்து வளரும். அதனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி இடையளவிலே நிறுத்துவது கொழுந்து பறிக்கும் கைக்கு எட்டுதற்பொருட்டு. அதன் தாழ்வு வேறொருவன் ஊதியத்துக்காக ஆயது. செடி பணிந்ததன்று, பணிக்கப்பட்டது. நம் நாட்டு உழவர் கூறும் உவமை வேறு. நெற்கதிர் பதராயின் நிமிர்ந்து நிற்கும், முற்றினால் தலைவணங்கும். அவ்வணக்கம் கத்தியால் வந்ததன்று; உள்ளிருக்கும் மணியின் பாரத்தால் வந்தது. இவ்விரண்டையும் ஒன்றென்பார் மலையையும் அறியார், வயலையும் அறியார்.

திருவள்ளுவர் இவ்வேறுபாட்டை ஐயத்திற்கு இடமின்றி வகுத்துள்ளார். செல்வம் பெருகிய காலத்தே பணிவு வேண்டும் என்றும், அது சுருங்கிய காலத்தே உயர்வு வேண்டும் என்றும் அவர் கூறியது அடக்கத்தைப் பற்றிய அதிகாரத்திலன்று. மானம் என்னும் அதிகாரத்தில். பணிவும் மானமும் பகையல்ல என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும்.

இனிச் சித்தாந்தம் கூறுமாறு நோக்குவாம். செருக்கை நாம் பருத்த பொருளாகவே எண்ணிப் பழகியுள்ளோம். அகந்தையுடையவன் தன்னைப் பெருக்கிக்கொண்டான் என்றும், அவனைச் சிறுகச் செய்வதே மருந்து என்றும் நினைக்கின்றோம். ஆயின் ஆணவம் என்னும் பெயர் அணு என்பதன் அடியாகப் பிறந்தது. எங்கும் நிறைந்து அறியவல்ல ஆன்மாவை அணுப்போற் சிறுகச் செய்வதனாலேயே அம்மலம் அப்பெயர் பெற்றது. யான் எனது என்று இறுமாப்பவன் பெரியனாகிவிட்டவன் அல்லன், குறுகிப்போனவன். எனவே அம்மலத்தின் வலி கெடுதல் ஆன்மா விரிதலேயன்றி மேலும் சுருங்குதலன்று. பிறரால் சிறுமைப்படுத்தப்பட்ட ஒருவன் அச்சிறுமையினாலேயே மலபரிபாகத்தை அணுகிவிட்டான் என்பதற்குச் சித்தாந்தத்தில் ஆதாரமில்லை. யான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஏங்கிக் கிடத்தலும் யான் என்பதையே பற்றிக் கிடத்தலாம்.

அற்றேல், மணிவாசகப் பெருமான் தம்மை நாயினுங் கடையராகக் கூறிக்கொண்டது என்னை என்று வினவுவார்க்கு விடை எளிது. அவர் பாண்டியனுக்கு அமைச்சர். தென்னவன் பிரமராயன் என்னும் பட்டம் பெற்றவர். இறங்குதற்கு அவருக்குப் படிகள் பல இருந்தன. இறங்கிய பின்னரும் அவர் தாழ்ந்தது இறைவன் முன்னிலையிலன்றி அரசன் முன்னிலையில் அன்று. திருநாவுக்கரசரும் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர். அவரே பல்லவன் அழைத்தபோது, தாம் அவனுக்குக் குடியல்லர் என்று வர மறுத்தவர். அக்கைக்கு அந்த மறுப்பும் இப்பணியும் ஒன்றாகவே இசைந்தன. இறைவனுக்கு ஆளானவன் பிறர்க்கு ஆளாகான் என்பதே நாயன்மார் வாழ்வு காட்டும் பணிவு.

இனி, அருளைப் பெறுதல் என்னும் பகுதி. இங்கேதான் மலைநாட்டில் பெரும் மயக்கம் நேர்ந்தது என்பது எம் கருத்து. கூலி வேறு, அருள் வேறு. கூலி செய்த வேலைக்கு உரியது; அதனைக் கேட்டுப் பெறலாம், கொடாதவனைக் குற்றஞ் சாட்டலாம். அருளோ எச்செயலுக்கும் ஈடாக வருவதன்று. விவிலியத்தில் திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் கதை ஒன்றுண்டு. விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயுமுன் வந்தவனுக்கும் தோட்டத் தலைவன் ஒரே கூலி கொடுத்தான். முழுப்பேர், அரைப்பேர் என்று நாள்தோறும் கணக்கெழுதப்படும் நம் மக்களுக்கு இக்கதை வேறெவரினும் நன்கு விளங்கும். அரைப்பேர் போட்ட அன்று வீட்டில் உலை எவ்வாறு கொதிக்கும் என்பது அவர்க்குத் தெரியும். முன்வந்தவனுக்குப் பேசிய கூலி குறையவில்லை என்பதை அக்கதையிற் குறித்துக்கொள்க. நீதி முழுதும் நிறைந்த பின்னரே அருள் அதன்மேல் வழிந்தது. நீதிக்குப் பதிலாக வந்ததன்று.

தோட்டங்களில் நிகழ்ந்ததோ இதன் மறுதலை. உரியதாய் வரவேண்டிய அரிசியும் மருந்தும் விடுமுறையும் துரையின் தயவாக வழங்கப்பட்டன. வாங்கியவன் கும்பிட்டு நின்றான். கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த துண்டு என்னும் சீட்டினால் ஆள்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். 1921 இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் இரண்டு அரசுகள் அவரை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியோர்க்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. பிறந்த மண்ணில் நிற்கும் உரிமையை ஒருவன் பெறுவதைக் கருணை என்று எவரேனும் சொல்வாராயின், அவர் கருணை என்னும் சொல்லைக் களவாடியவர் ஆவர். கூலியை அருள் என்று வழங்கியவர் கையிலேயே அருளும் கூலியாய் மாறியது. பொறுத்துக் கிடந்தால் மறுமையில் கிடைக்கும் சம்பளமாயிற்று.

சிதம்பரத்தில் உமாபதி சிவனார் மடத்துக்கு நாடோறும் விறகு சுமந்தவர் பெற்றான் சாம்பான். இறைவன் ஒரு சீட்டு எழுதி அவர் கையில் கொடுத்து, இவருக்குத் தீக்கை செய்க என்று உமாபதியாருக்கு அனுப்பினான் என்பது வரலாறு. அச்சீட்டில் இறைவன் எளியவன் என்று குறித்தது தன்னையே, விறகு சுமந்தவரையன்று. துண்டுச் சீட்டில் கடனுக்கு விலைபட்ட மக்கள் நினைத்தற்குரிய சீட்டு அது.

இவ்வளவும் பிறரை நோக்கிக் கூறியதாகக் கொண்டு சைவ அன்பர்கள் மகிழ்ந்திருத்தல் ஆகாது. நம் தோட்டத்துக் கோயில்களில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எழுந்த வழக்குகள் எத்தனை! பரிவட்டத்துக்காகத் திருவிழா நின்ற ஊர்களும் உள. ஒரே லயத்தில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், துரைமுன் ஒன்றாய்க் குனிந்தும், சாமி முன் மட்டும் சாதி பார்த்து வரிசை பிரித்தோர் நம்மவரே. பாதிரிமார் உபதேசத்துக்குச் செவிசாய்த்துப் போனாரிற் பலர் விவிலியத்தை ஆராய்ந்து போயினாரல்லர். நம் வரிசையில் தமக்கு நிற்க இடமில்லாமற் போயினார். சபைகள் மறுப்பு நூல்களை அச்சிடுதற்கு முன் அவ்வரிசையைக் கலைத்தல் வேண்டும்.

திருப்பூந்துருத்திக்குத் திருஞானசம்பந்தர் சிவிகையில் எழுந்தருளியபோது, நாவுக்கரசர் முதுமையும் புகழும் உடையராயிருந்தும் ஒருவரும் அறியாவாறு கூட்டத்திற் புகுந்து, சிவிகை தாங்குவாருள் ஒருவராயினார். அப்பர் எங்குள்ளார் என்று பிள்ளையார் வினவ, உம்மைத் தாங்கி இங்குள்ளேன் என்று கீழிருந்து விடை வந்தது. பிள்ளையார் பதைத்து இறங்கி அவரை வணங்கப் புகுந்தார். அவர் வணங்குமுன் அரசர் வணங்கிவிட்டார்.