தேய்வதற்கென்றே அச்சிட்ட தாள்கள்

ஒரு படம் அருங்காட்சியகத்தில் கறை படாமல் இருக்கிறது என்றால், அது நன்றாக வாழ்ந்த படமா? அலெக்சாந்தர் கலாமின் கல்லச்சுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொருவர் முகம் தோன்றும். இவர் 1810இல் சுவிட்சர்லாந்தின் வெவேயில், ஒரு கல்வேலைக்காரருக்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு கண் போய்விட்டது. குடும்பம் நொடித்ததால் பதினைந்து வயதில் வங்கி வேலைக்குப் போனார். தியோதாத்தி என்ற வங்கிக்காரர் கைகொடுத்த பிறகுதான் முறையாக ஓவியம் படிக்க முடிந்தது.

அவர் பெரும்பாலும் வரைந்தது ஆல்ப்ஸ்தான். பாறையைப் பற்றி நிற்கும் தேவதாரு, முறிந்த கிளை, கீழே பாயும் காட்டாறு. கிட்டப் போய்ப் பார்த்தால் மரப்பட்டை முழுக்கப் பொடிப்பொடியான கரும்புள்ளிகள். கல்லின் சொரசொரப்பு அப்படியே தாளில் இறங்கியிருக்கிறது. ஆற்றின் நுரையோ வெறும் தாள். அங்கே மையே படவில்லை. கல்லச்சுக்குச் சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த மைக்கட்டியால், இடவலம் மாற்றி வரைய வேண்டும். கல்லை நனைத்து மை உருட்டினால் கோட்டில் மட்டும் மை ஒட்டும், ஈரம் மற்ற இடத்தில் ஒட்டவிடாது. வேண்டிய படிகள் எடுத்ததும் மணல் போட்டுத் தேய்த்து, அதே கல்லில் அடுத்த படம் வரைவது அச்சகங்களின் வழக்கம். மலையாவது மரமாவது, கல்லுக்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்தத் தாள்களில் பல, மாணவர்கள் பார்த்து வரைந்து பழகுவதற்காகவே அச்சானவை. ரஷ்யா வரை போயின. கரி அப்பிய விரல்கள் புரட்டிய தாள்கள் ஓரம் மடிந்து, கிழிந்து, குப்பைக்குப் போயிருக்கும். இன்று பெட்டிக்குள் மங்கலான வெளிச்சத்துக்கு மட்டும் பழக்கப்பட்டுக் கிடப்பவற்றில், யாரும் அதிகம் கைவைக்காதவைதான் மிகுதியாக இருக்க வேண்டும். நல்ல புடவையைப் பீரோவிலேயே வைத்துப் பழையதாக்குகிறோமே, அந்த மாதிரி. என் ஓட்டு கிழிந்துபோன தாளுக்குத்தான். ஆனாலும் வேலையே செய்யாத அந்தச் சோம்பேறித் தாள் மிஞ்சியிராவிட்டால், கிழிந்ததைப் பற்றி நான் இங்கே வக்காலத்து வாங்கியிருக்க முடியாது. அந்த அளவுக்கு அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில், முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இப்படிப்பட்ட படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பார்கள். வாய்ப்புக் கிடைத்தால் கேளுங்கள். பென்சிலோடு போங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.