தங்கமீனும் மாணாக்கரும்

இக்காலத்துப் பிள்ளைகளின் மனம் ஒருவழி நில்லாது என்று உபாத்தியாயர்களாகிய நாம் கூடுமிடந்தோறும் முறையிடுகின்றோம். அதற்குத் துணையாக ஒரு கணக்கும் காட்டுவோம்: மனிதர் கவனம் 2000ஆம் ஆண்டில் 12 விநாடியாயிருந்து 2013இல் 8 விநாடியாகக் குறுகிற்றாம், தங்கமீனுக்கோ 9 விநாடியாம். யானும் இதனை இணையத்திற் கண்டு, பத்தாம் வகுப்பிலே சொல்லி, மாணாக்கரைக் கடிந்ததுண்டு. அப்போது பின்வரிசை மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, மீனின் கவனத்தை எவர், எவ்வாறு அளந்தார்?" என்று வினவினான். விடை அறியாமையால் அவனை இருக்கச் சொன்னேன்.

அன்றிரவு தேடிப் பார்த்து வெட்கினேன். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் கனடாக் கிளை, விளம்பரஞ் செய்வோர்க்கென 2015இல் வெளியிட்ட அறிக்கையிலே அக்கணக்கு வந்துளது. 2017இல் பீபீசியார் அதன் மூலத்தை நாடியபோது, ஆராய்ச்சி ஆதாரம் ஒன்றும் அகப்பட்டிலது. மீன்களோ ஞாபகசக்தியை ஆராய்வார்க்கு நெடுங்காலமாகப் பயன்படுவன; பாவம், அவற்றையும் பழித்தோம்! உலகெங்கும் இதனை எடுத்தோதினாருள் அவ்வறிக்கையைப் படித்தார் எத்துணையர்? யான் படித்திலேன். நுனிப்புல் மேய்தல் பிள்ளைகளின் குற்றமென்று நாட்டுதற்கு, யானே நுனிப்புல் மேய்ந்து சான்று தேடினேன்.

ஆயினும் நம் முறைப்பாடு முழுப்பொய்யன்று. கலிபோர்னியாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த குளோரியா மார்க் அம்மையார், கணினி முன் வேலைசெய்வோரை நேரே அளந்தார். அவர்கள் ஒரு திரையில் தங்கிய நேரம் 2004இல் சராசரி இரண்டரை நிமிஷம். பின்னாளில் ஏறத்தாழ 47 விநாடி. இவ்வளவை, மனம் எத்துணை விரைவில் தாவுகின்றது என்பதைக் காட்டுமேயன்றி, நிற்கும் ஆற்றலை அது இழந்துவிட்டது என்பதைக் காட்டாது. தைப்பொங்கலுக்குப் பட்டங் கட்டுஞ் சிறுவன், மூங்கிற் சிம்பும் நூலுங் கொண்டு பகல் முழுதும் ஓரிடத்திருப்பதை நாம் காண்கின்றோமல்லவா?

புத்தகத்திலே அத்தியாயம் முடியுமிடத்து மனஞ் சற்று நின்று, மேலே செல்வதா விடுவதா என்று தன்னைக் கேட்கும். 2006இல் ஆசா ராஸ்கின் என்பார், அடுத்த பக்கத்தை அழுத்திக் கேட்குஞ் சிரமம் வேண்டாவென்று, முடிவின்றி உருளும் பக்கத்தை அமைத்தார்; பின்னர் அவரே அதற்கு வருந்தினார். சிரமத்தோடு அக்கேள்வியும் போயிற்று. கைத்தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாய் வருங் குறுங்காணொளிகளும் அவ்வழியினவே. நிறுத்துமிடம் இல்லாதவாறு பிறர் அமைத்த வழியிலே ஓடும் பிள்ளையை, நிற்கத் தெரியாதவன் என்று தண்டித்தல் நீதியாகுமா? என் வகுப்பில் நின்று கேட்டவன் அவனே. நில்லாது கடந்தவன் யான்.

மறுநாள் வகுப்பறிய என் பிழையை உரைத்தேன். அவன் மகிழ்வான் என்றெண்ணினேன். அவனோ, "பீபீசியார் சொன்னதை முழுவதும் படித்தீர்களா, ஐயா?" என்றான்.