துடைக்காமல் விட்ட சொட்டு

மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் நடுப்பகுதி வெளிறிவிடும், ஓரத்தில் மட்டும் கரும்பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். வீடு துடைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புதிதல்ல. ஓரத்தைத்தான் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பது கைக்கே தெரியும். ஆனால் கறை ஏன் ஓரத்துக்குப் போகிறது என்பதற்கான தெளிவான விளக்கம் 1997-இல்தான் 'நேச்சர்' ஆய்விதழில் வந்தது. எழுதியவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் அவருடன் உழைத்த ஐவரும். (அந்த ஐவரில் ஓல்கிட்சா பாகஜின் என்ற பெண்ணும் உண்டு.) தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் துடைத்த ஒன்றைப் பற்றிய அறிவு, துடைத்தவர்களிடமிருந்து ஏன் வரவில்லை? படிப்பில்லை, ஆர்வமில்லை என்ற வழக்கமான பதில்கள் எனக்குப் போதவில்லை.

விளக்கம் எளிமையானதுதான். சொட்டின் விளிம்பு தரையின் சொரசொரப்பில் பிடித்துக்கொள்கிறது. நீர் வற்றினாலும் அந்த விளிம்பு உள்நோக்கிச் சுருங்காது. விளிம்பில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அங்கே குறைந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, மிதக்கும் துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீர் போய்விடுகிறது, துகள்கள் தங்கிவிடுகின்றன. இதை மாற்றவும் முடியும். உருண்டைத் துகள்களுக்குப் பதிலாக நீள்வடிவத் துகள்கள் இருந்தால் அவை நீரின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வளையம் விழாமல் கறை சீராகப் படியும் என்று பீட்டர் யங்கரும் அவர் குழுவினரும் 2011-இல் காட்டினார்கள். மையால் அச்சடிக்கும் தொழில்களுக்கு இது பணமுள்ள கேள்வி.

ஆனால் இதில் எதைப் பார்ப்பதற்கும் முதலில் ஒன்று வேண்டும். சொட்டு முழுக்கக் காயும்வரை அதை யாரும் தொடக்கூடாது. துடைப்பவளின் வேலையோ அது காயுமுன் இல்லாமல் ஆக்குவது. ஆய்வுக்கூடத்தில் காய்ந்த சொட்டு சான்று. எங்கள் வீடுகளில் அதுவே வீட்டுக்காரியின் சோம்பலுக்குச் சாட்சி, விருந்தாளி வருமுன் மறைய வேண்டியது. அறிவதற்கு முன்பே ஓர் உரிமை தேவைப்படுகிறது: துடைக்காமல் விட்டுவைக்கும் உரிமை. அது யாருக்கு இருந்தது என்று கேட்டால், அறிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தாமிரபரணிக் கரையில் பெண்களைக் காயவிட அனுமதித்த சொட்டு ஒன்று உண்டு. மாக்கோலம். ஊறவைத்த பச்சரிசியை அரைத்து, கரைத்து, துணியில் நனைத்து விரல் வழியே இழையாக விடுவார்கள். ஈரத்தில் இழை சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். அம்பாசமுத்திரத்தில் என் ஆச்சிக்கு இந்தக் காய்தலைப் பற்றித் தெரிந்ததை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. "நீர்க்கக் கரைச்சா ஓரந்தான் வெளுக்கும், நடு விழுந்து போயிரும்ட்டி" என்பாள். சிமெண்டுத் தரைக்கு மாவு கெட்டியாக வேண்டும், மண்தரை நீரைக் குடித்துவிடுவதால் அங்கே கொஞ்சம் நீர்த்திருந்தாலும் பரவாயில்லை என்பது அவள் கணக்கு. துகளின் அளவு, பரப்பின் தன்மை, விளிம்பில் குவிதல் எல்லாமே அதில் இருக்கின்றன. அவள் அறிவு வளர்ந்தது அவள் துடைக்க வேண்டியிராத ஒரே ஈரத்தில்.

தாத்தா இறந்த பிறகு அவள் வாசலில் கோலம் போடக்கூடாது என்றார்கள். மாவைக் கரைத்துக் கொடுப்பது மட்டும் அவள் வேலையாயிற்று. பதம் சொல்லலாம், இழை இழுக்கக்கூடாது. தெரிந்தவளைத் தெரிந்ததிலிருந்து விலக்கி வைப்பதற்கு எங்கள் ஊரில் அறியாமை தேவைப்படவில்லை, சாஸ்திரம் போதுமாக இருந்தது.

காயவிடுவதெல்லாம் உரிமை என்று இதை நீட்டிவிட முடியாது. கார் நடவில் குனிந்து நிற்கும் பெண்களின் ஜாக்கெட் முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளைக் கோடுகள் விழும். அது மிதக்கும் துகள் அல்ல, கரைந்த உப்பு. ஆனாலும் ஈரம் நின்ற எல்லையில்தான் கோடு விழுகிறது. அவர்கள் அதைத் துடைக்காதது நிமிர நேரம் இல்லாததால். வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியும், சுமக்கிறவளுக்கு அது முதுகுக்குப் பின்னால்.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் போக்கல்ஸ் என்ற பெண் 1880-களில் பாத்திரம் கழுவும் அழுக்கு நீரின் மேற்பரப்பை ஆராயத் தொடங்கினார். அன்று பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகம் இல்லை. தகரத் தொட்டி, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு தராசு: இவற்றைக் கொண்டு நீரின் பரப்பு இழுவிசையை அளந்தார். லார்ட் ராலேக்கு எழுதிய கடிதம் அவர் முயற்சியால் 1891-இல் 'நேச்சரில்' வெளியானது. அந்தத் தொட்டியின் மேம்பட்ட வடிவத்தைப் பயன்படுத்திய இர்விங் லாங்மியூர் 1932-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு போக்கல்ஸுக்கு ஒரு கௌரவ முனைவர் பட்டம் கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தீர்களா, அடுக்களையே ஆய்வுக்கூடம்" என்று மேடையில் மகிழ்பவர்களை நான் நம்புவதில்லை. அடுக்களை போக்கல்ஸுக்குக் கொடுத்தது அழுக்குத் தண்ணீரை. மீதியைக் கொடுத்தவை இயற்பியல் படித்த தம்பியின் புத்தகங்களும், யாரும் எடுத்துக் கவிழ்த்துவிடாத ஒரு தொட்டியும். என் ஆச்சிக்கும் தம்பி இருந்தார், பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போனவர். அவருடைய புத்தகங்கள் பிறந்த வீட்டுப் பரணில் இருந்தன. கல்யாணம் ஆகும்வரை அவற்றைத் தூசி தட்டி அடுக்கியவள் ஆச்சிதான்.