வேனிலில் ஒரு குடம் நீர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவிழா ஸேவிக்க எழுந்தருளியிருக்கும் பாகவதர்களே!

சித்திரையும் வைகாசியும் கூடிய காலத்தை வஸந்த ருது என்று பெரியோர் வழங்குவர். இளவேனில் என்பது தமிழ் வழக்கு. பெயரைக் கேட்டமாத்திரத்தில் நெஞ்சு குளிர்கிறது. ஆனால், நண்பகலில் பிராகாரத்துக் கல்லில் கால் வைத்தவர்களுக்கு நம் நாட்டு வஸந்தம் எத்தகையது என்று அடியேன் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை 21-ஆம் நாளையொட்டித் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரையில் அக்னி நக்ஷத்திரம். கிணறு தாழ்கிறது, குளம் வற்றுகிறது, காற்றும் அனலாகிறது.

இந்தக் காலத்தில்தான் எம்பெருமான் வஸந்த மண்டபத்திற்கு எழுந்தருளுகிறான். திருமேனியில் சந்தனம் சாற்றுகிறார்கள், வெட்டிவேர் மணக்கிறது, பானகமும் நீர்மோரும் ஊறவைத்த பயற்றம்பருப்பும் அமுது செய்விக்கிறார்கள். அகில உலகங்களையும் தன்னுள் அடக்கியவனுக்கு வெயிலும் குளிரும் உண்டோ என்று சிலர் வினவுவர். உண்டு என்றே நம் பூர்வர்கள் நடந்து காட்டினார்கள்.

பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் எம்பெருமானுக்கு விசிறும் பேற்றை விரும்பினார். திருவரங்கம் சென்றார். காவிரி நடுவே இருக்கிறோம், விசிறி வேண்டா என்றான் பெரிய பெருமாள். திருமலை சென்றார். மலைக் குளிரில் இருக்கிறோம், விசிறி வேண்டா என்றான் திருவேங்கடமுடையான். காஞ்சியிலோ, பிரமன் செய்த வேள்வித் தீயினின்று தோன்றிய பேரருளாளன் அந்தக் கைங்கர்யத்தை விரும்பி ஏற்றான். நம்பிகள் தம் ஊரில் நந்தவனம் வைத்து மலர் கொண்டுவந்து ஸமர்ப்பித்து, திருவாலவட்டம் வீசி நின்றார். எந்த இடத்தில் எது தேவை என்று அறிந்து செய்வதே கைங்கர்யம் என்பதை இந்த வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

வேனிலில் தேவை எது? நீர், நிழல், மலர்.

இந்த வெயிலைப் பழிக்கவும் நமக்கு வாயில்லை. நாம் வாடும் இந்த வெயிலிலேதான் மல்லிகை கொள்ளை கொள்ளையாக அரும்புகிறது. கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்த கொடி மாசியில் துளிர்த்து, பங்குனி முதல் ஆனி வரையில் பூத்துக் குலுங்குகிறது. வெண்மை கெடாத மொட்டாக, விடியற்காலையிலேயே அதைக் கொய்ய வேண்டும். செடிக்கு வேரில் நீர் இருந்தால் மேலே காயும் வெயில் மலராகிறது; வேரில் நீர் இல்லையேல் அதே வெயில் அதைச் சருகாக்குகிறது. ஜீவனுக்கும் இஃது ஒக்கும். பகவத் நினைவாகிய நீர் நெஞ்சில் ஊறியவனுக்கு ஸம்ஸாரத் தாபமும் பக்தியை மலரச் செய்யும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர், எம்பெருமானுக்கு உகந்த தொண்டு எது என்று ஆராய்ந்தார். கண்ணன் வடமதுரையில் மாலாகாரர் இல்லத்தைத் தேடிச் சென்று பூவை வேண்டிப் பெற்றான் என்பதை எண்ணினார், மண்வெட்டியை எடுத்தார். அந்த நந்தவனத்துத் திருத்துழாயின் அடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள். மண்ணைக் கொத்தி நீர் வார்த்த கைக்கு எம்பெருமான் கொடுத்த பரிசு அது!

சித்திரையில் சித்திரையைத் திருநக்ஷத்திரமாக உடைய அனந்தாழ்வானையும் நினைக்க வேண்டும். 1017-இல் அவதரித்த எம்பெருமானார், குளிர் மிகுந்த திருமலையில் தங்கிப் புஷ்ப கைங்கர்யம் செய்ய வல்லார் உண்டோ என்று கேட்டபோது எழுந்து நின்றவர் அவர். மலர் வேண்டுமானால் நீர் வேண்டும் என்று தேவிகளுடன் சேர்ந்து தாமே ஏரி வெட்டினார். ஒருநாள் அவர் மாலை தொடுத்துக்கொண்டிருக்கையில் திருவேங்கடமுடையான் அழைத்தான். அவர் உடனே செல்லவில்லை. தொடுத்து முடித்த பிறகே சென்றார். அழைத்தபோது வாராதது ஏன் என்று கேட்டதற்கு, மலர் வாடுமுன் மாலையாக்குவதே ஆசார்யன் தமக்கு இட்ட பணி என்றார். அழைப்பைவிடப் பணி பெரிதென்று நின்ற அந்த உறுதியை எம்பெருமான் உகந்தான்.

இதை எழுதும் அடியேன் செய்த அபசாரம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்னொரு சித்திரையில் பதினைந்து நாள் திவ்யதேச யாத்திரை சென்றிருந்தேன். பிரஸாதப் பையுடன் திரும்பியபோது, வாசல் மாடத்துத் துளசி சுள்ளியாக நின்றது. ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த இல்லத்து மூதாட்டி, "பெருமாளைத் தேடி ஊரூராகப் போனீரே, அவர் தோளில் இருக்க வேண்டியவளை யாரிடம் ஒப்படைத்துப் போனீர்?" என்றார். மறுமொழி சொல்ல நா எழவில்லை. ஸேவித்த திவ்யதேசங்களை எண்ணிப் பூரித்திருந்த நெஞ்சு அந்த ஒரு கேள்வியில் அடங்கிற்று.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஊர் திரும்பியதும் இல்லத்தில் ஒரு துளசியேனும் வளர்த்து வாருங்கள். வேனிலில் காலையில் வெயில் ஏறுமுன்னும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும் நீர் வாருங்கள். உச்சிப் பொழுதில் வேண்டா. வேரடியில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். தொட்டியாயின் அடியில் துளை இருக்கட்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். கதிர் முற்றுமுன் கிள்ளினால் செடி அடர்ந்து தழைக்கும். கிள்ளிய கதிரைத் திருவடியில் சேர்க்கலாம். மேல்வெயில் கடுமையானால் ஓர் ஓலைத்தட்டி போதும். யாத்திரை செல்வதாயின் அண்டை அயலாரிடம் ஒப்படைத்துச் செல்லுங்கள். நீர் வார்த்தவருக்கும் அந்த யாத்திரையில் பங்கு உண்டு. பறவைகளுக்கு ஒரு சட்டியிலும், வழிப்போக்கருக்கு ஒரு பானையிலும் நீர் வைப்பதும் இதனோடு சேர்ந்ததே. எல்லா உயிரும் அவனுக்கு உடலாயிருக்க, தாகம் தீர்ப்பது அவனுக்கே செய்யும் திருமஞ்சனம் அன்றோ?

பெரிய நந்தவனம் அமைக்க எல்லோருக்கும் இயலாது. ஒரு குடம் நீர் எல்லோருக்கும் இயலும். மழைக் காலத்தில் செடியை வானம் காக்கும்; வேனிலில் அது நம் கையை நோக்கி நிற்கிறது. அந்தக் கையைக் கைங்கர்யத்தில் மூட்டியருளுமாறு, வஸந்த மண்டபத்தில் வீற்றிருக்கும் எம்பெருமானைப் பிரார்த்திப்போமாக.

அடியேன் ராமாநுஜ தாஸன்.