எதிர்நோக்கும் கல்லறைச் சுவரும்

விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று இறைப்புண்ணியங்களையும் வரிசையாகச் சொல்லி வளர்ந்தனர் நம் முன்னோர். 1995-ல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இச்சொற்களை இடம் மாற்றியது. விசுவாசம் இருந்த இடத்தில் நம்பிக்கை அமர்ந்தது. நம்பிக்கை இருந்த இடத்திற்கு 'எதிர்நோக்கு' வந்தது. செபங்களை மனப்பாடமாகச் சொல்லிப் பழகிய முதியோர் பலருக்கு இது எளிதில் நாவில் ஒட்டவில்லை. ஆயினும் புதிய சொல்லில் ஒரு நயம் உண்டு. நம்புகிறவர் கண்களை மூடிக்கொண்டும் நம்பலாம். எதிர்நோக்குகிறவர் அவ்வாறு இருக்க இயலாது. விருந்தினரை எதிர்நோக்கும் வீட்டில் வாசல் தெளித்துக் கோலமிடுவர். அடுப்பில் உலை ஏறும். இனிமேல் வரப்போகிறவர் அந்த வீட்டின் இன்றைய காலைப் பொழுதையே மாற்றிவிடுகிறார்.

விண்ணகத்தைக் காட்டி மண்ணகத்தை மறக்கச் செய்கிறது என்பது கிறிஸ்தவ எதிர்நோக்கின் மீது சுமத்தப்படும் பழைய குற்றச்சாட்டு. வெளியார் கூறும் அவதூறு என்று இதனைத் தள்ளிவிட முடியாது. ஆண்டவரின் வருகை நெருங்கிவிட்டதென்று உழைப்பைக் கைவிட்டுத் திரிந்தோர் தெசலோனிக்கத் திருச்சபையிலேயே இருந்தனர். உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் வேண்டாம் என்று பவுலடியார் அவர்களைக் கண்டிக்க நேர்ந்தது. புதிய மண்ணகத்தை எதிர்பார்ப்பது இம்மண்ணகத்தின் மீதுள்ள அக்கறையைத் தணிக்கலாகாது, வளர்க்கவே வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கற்பித்தது. ஆனால், நாம் செய்யும் சிறு நன்மைகளின் நிறைவை நாமே காண்பது அரிது. காணப்போகாத நிறைவுக்காக இன்று ஏன் உழைக்க வேண்டும் என்னும் சோர்வு எவருக்கும் எழக்கூடியதே.

அவ்வேளையில் திருச்சியில் வாழ்வோர் காவிரியைக் கடந்து திருவரங்கம் வரை சென்று வரலாம். விசயநகர மன்னர் அச்சுத தேவராயர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், தொடங்கப்பட்ட தெற்கு வாயில் கோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோயிற்று. 'மொட்டைக் கோபுரம்' என்றே மக்கள் அதனை அழைத்தனர். ஏறத்தாழ 4 நூற்றாண்டுகளுக்குப் பின், அகோபில மடத்தின் 44-ஆம் ஜீயரின் முயற்சியால், 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட இராசகோபுரமாக அது எழுந்து 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்குக் கண்டது. (அந்நாள் நமக்கு மங்கள வார்த்தைத் திருநாள், தற்செயல்தான், எனினும் நினைக்க இனிக்கிறது.) முதல் கல்லை வைத்த சிற்பி கலசத்தைக் காணவில்லை. ஆனால் குறையாக நின்ற காலம் முழுவதும் அது வாயிலாகவே இருந்தது; தலைமுறை தலைமுறையாக அடியார்கள் அதன் வழியே உள்ளே சென்று வந்தனர். இறையரசு ஏற்கெனவே வந்துவிட்டது, ஆனால் இன்னும் நிறைவுறவில்லை என்று இறையியலார் கூறுவதை விளக்க, நம் அயலார் கட்டிய இந்த வாயிலைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

எதிர்நோக்கு என்பது நல்லதே நடக்கும் என்னும் கணக்கும் அன்று. இதே திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937-ல் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, சார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே நெடுங்காலம் உழைத்தவர். 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். நடுங்கும் கையால் குவளையை ஏந்த இயலாததால், உறிஞ்சிக் குடிக்கும் கலம் ஒன்றுக்காக நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. கணக்குப் பார்த்தால் அவருக்கு எதுவும் சாதகமாக இல்லை. அத்தகைய நாள்களிலும், தமக்கு உணவூட்டவும் துணி துவைக்கவும் உதவிய சக கைதிகளைப் பற்றி எழுதினார். தங்கள் மீதுள்ள குற்றச்சாட்டு இன்னதென்றே அறியாமல் சிறையில் கிடக்கும் ஏழைகளை நினைவில் கொள்ளுமாறு நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். பிணை கிடைக்காமலே 2021 சூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். எதிர்நோக்கு ஒருவருடைய நாளை எவ்வாறு நிரப்பும் என்பதை அந்த மடல்களில் பார்க்கிறோம்.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். உடலின் உயிர்ப்பை ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கத் தொடக்கக் கிறிஸ்தவர்கள் வழங்கிய கிரேக்கச் சொல்லுக்குத் துயிலிடம் என்பது பொருள். துயில்கிறவர் எழுவார் என்னும் உறுதி அச்சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிறரிடமிருந்து பிரிக்க எழுப்பிய சுவர் நாடறிந்தது. அது நம் மண்ணில் தனித்த ஒன்றும் அன்று. தனிக் கல்லறை, தனிப் பாதை, தனிச் சவவண்டி என்று பல ஊர்கள் பழகியிருக்கின்றன. பசியோ அச்சமோ இல்லாத இடத்தில், இறந்தோர் நடுவே, நாம் கட்டியது அது. நாம் உண்மையில் எதிர்நோக்கும் உலகம் எப்படிப்பட்டது என்பதை விசுவாச அறிக்கையைவிட அந்தச் செங்கல் உரக்கச் சொல்கிறது.

பழைய வழக்கம், குடும்ப நிலம், கலகம் வேண்டாம் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமையைப் பாவம் என்றே கூறிவிட்டது. அதன் பின்னும், மனங்கள் மாறட்டும், சுவர் தானே விழும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அமைதி சொல்வோர் உண்டு. எதிர்நோக்கின் பெயரால் சொல்லப்படுவதால் இதுவே எல்லாவற்றிலும் கொடிய காரணம். கோபுரம் 4 நூற்றாண்டு காத்திருக்கவில்லையா என்றும் அவர்கள் கேட்கலாம். அதை எழுப்பப் பெரும்பொருளும் பல நூறு கைகளும் தேவைப்பட்டன. இத்தகைய சுவர் எங்கு நின்றாலும், அதை அகற்ற நான்கு தொழிலாளரும் ஒரு முற்பகலும் போதும். அதற்குமுன் பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து அதைச் சொல்ல வேண்டும்.